அக்கரையில் கிடந்த என் நாடித்துடிப்பு

முதல் தடவை அது வந்தபோது நான் கோயிலில் முதல் நன்மை வாங்கப்போகும் ஒரு பிள்ளையின் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். கால் தையல் மெஷினை ஒரு சீராக மிதிக்க, நெஞ்சு மட்டும் வேறெங்கோ ஓடியது. தோணிக்குள் கொட்டிய மீன்போல உள்ளே துள்ளியது. மெஷினை நிறுத்தினேன். நெஞ்சு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மற்றக் கையையும் பொருத்தி முடித்தேன்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு இப்படித் துள்ளலாம். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியும் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில். சண்டைக் காலத்தில் சிறுமியாகப் படகேறி, இராமேஸ்வரம் போய், அகதி முகாமில் வளர்ந்து, கலியாணமும் அங்கேயே முடித்து, சண்டை ஓய்ந்தபின் கணவர் அந்தோனியோடு திரும்பி வந்தவள் நான். அவர் கடலுக்குப் போகிறார். நான் தைக்கிறேன். என் அக்கா இன்னும் முகாமில்தான் இருக்கிறாள்.

துள்ளல் திரும்பத் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அங்கே போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக எடுப்பது) ஒவ்வொரு முறையும் சுத்தமாக இருந்தது. சண்டைக்குள் இருந்து வந்தவர்களுக்குப் பயம் நெஞ்சில் தங்கிவிடும் என்று ஒரு நேர்ஸ் அன்பாகச் சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. சண்டையில் பயந்தது உண்மைதான். அதற்காக என் உடம்பில் நடப்பதெல்லாம் சண்டை ஆகிவிடுமா?

பிறகு எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு) கொஞ்சம் சுருங்கியிருந்தது. முகாமில் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்த காய்ச்சல் விட்டுப்போன தழும்பு அது.

கிளினிக் டொக்டர் பொறுமையானவர். படம் கீறிக் காட்டினார்.

"அம்மா, இந்த மேலறை ஒழுங்காச் சுருங்காமல் சும்மா நடுங்கினால் இரத்தம் அதுக்குள்ள தேங்கும். தேங்கினால் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்."

அந்த நடுக்கத்துக்கு ஏட்ரியல் பிப்ரிலேசன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடித்தல்) என்று பெயர். அது எனக்கு இருந்தால் வார்பரின் (இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் மாத்திரை) தொடங்கவேண்டும். ஆனால் அந்தக் குளிசை விளையாட்டல்ல. அளவு பிசகினால் உள்ளே இரத்தம் கசியும். அடிக்கடி இரத்தம் குத்திப் பார்க்கவேண்டும். ஆகவே ஆதாரம் வேண்டும்.

ஒருநாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிப் பார்க்கும் கருவியும் கட்டினார்கள். அன்றைக்குப் பார்த்து என் இதயம் கன்னியர் மடத்துப் பிள்ளைபோல நல்லொழுக்கத்தோடு இருந்தது.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். எங்களைப்போலத் திரும்பி வந்தவர்கள் இந்திய சிம்மை வீசுவதில்லை. தலைமன்னார்க் கரையில் ஒரு பக்கமாக நின்றால் அக்கரையின் கைபேசி அலை எடுக்கும். ஞாயிறு பூசை முடிந்து அங்கே போனால் எங்களைப்போல நாலைந்து பேர் காதில் கைபேசியோடு கடலைப் பார்த்து நிற்பார்கள். உள்ளூர்க்காரருடன் பேசுவதுபோல முகாமோடு பேசலாம்.

அக்கா கையில் கட்டும் பட்டி ஒன்றை, நாடி எண்ணிக் கைபேசிக்கு அனுப்பும் அந்தக் கறுப்புப் பட்டியை, திரும்பி வரும் ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டாள். அதற்கான கணக்கையும் அவளே தன் கைபேசியில் திறந்தாள். அவளுக்கு மனப்பாடமாக இருந்தது என் இந்திய எண் ஒன்றுதான். அதையே கொடுத்தாள். உறுதிப்படுத்தும் இலக்கம் எனக்கு வந்தது தலைமன்னார்க் கரையில் நின்றபோது. அதை நான் வாசிக்க, அவள் அங்கே பதிந்தாள். அடுத்த இலக்கத்தோடு என் கைபேசியிலும் உள்ளே போனேன், அவளுடையதில் அது தானாக மூடிக்கொண்டது. கணக்குத் திறந்துவிட்டது என்று இரண்டுபேரும் சிரித்தோம்.

பட்டி வேலை செய்தது. துள்ளல் வரும்போதெல்லாம் கைபேசியில் கோடு மரம்போல எழும்பி நின்றது. சிலவேளை நான் உணராத நேரத்திலும் எழும்பியிருந்தது. நாடி ஒழுங்கில்லை என்று அது எச்சரிக்கை எழுதியது. என்னை நம்பும் ஓர் ஆள் கையில் கட்டியிருப்பதுபோல இருந்தது. டொக்டரிடம் சொன்னேன்.

"நல்லது. அடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டுவாங்கோ. பாத்திட்டு முடிவெடுப்பம்," என்றார்.

அந்தக் கிளினிக்குக்கு முன்னர் பட்டி தொலைந்தது. அதன் ரப்பர் என் தோலைக் கடித்ததால் துணியும் இலாஸ்டிக்கும் வைத்து நானே ஒரு வார் தைத்திருந்தேன். அழகான தையல். உப்பு இலாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. அந்தோனியின் படகைத் தள்ளிவிட இடுப்பளவு தண்ணீரில் நின்றவள், கரைக்கு வந்து பார்த்தபோது கை வெறுங்கை.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பட்டிதான் தொலைந்தது, பதிவு தொலையவில்லை. அது கைபேசிக்குள் பத்திரமாக இருந்தது. அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போயிருந்தால் போதும். நான் புதுப்பட்டி வாங்கப் போனேன்.

உப்புக்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனிதர். அவரும் ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் பாதி வயதைக் கழித்துத் திரும்பியவர். புதுப்பட்டி என் பழைய கைபேசியோடு சேரவில்லை. செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சேரும் என்றார்.

"பழசு போயிராதே நானா?"

"போகாது தங்கச்சி. எல்லாம் கணக்குல கெடக்கும். உள்ளுக்குப் போனா அப்படியே வரும்."

அழித்தார். போட்டார். உள்ளே போக இலக்கம் கேட்டது. இலக்கத்தை எங்கே அனுப்பியிருக்கிறது என்றும் காட்டியது. அக்கரை எண்.

அடுத்த பஸ்ஸில் நானும் அந்தோனியும் தலைமன்னார் போனோம். பழைய டப்பாவிலிருந்த சிம்மைப் போட்டுக் கடலுக்கு நேரே பிடித்தேன். அலை எடுக்கவில்லை. அந்தோனி கைபேசியை வாங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை போனார். ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றவர்களின் கைபேசிகள் பேசிக்கொண்டுதான் இருந்தன. அக்காவிடம் உள்ளூர் எண்ணிலிருந்து கேட்டபோதுதான் விளங்கியது.

"ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பரைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கடி. நீ எப்ப கடைசியாப் போட்டனீ?"

எனக்கு நினைவில்லை. இங்கத்தைய எண்ணிலேயே அக்காவோடு பேசப் பழகியபிறகு கரைக்குப் போவதே குறைந்திருந்தது.

என் பழைய எண்ணை நானே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். இராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. விஷயத்தைச் சொன்னேன். இப்போது ஒரு இலக்கம் வந்திருக்கும், அதை மட்டும் வாசியுங்கள் என்று கெஞ்சினேன்.

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கே."

"ஓம் தங்கச்சி, ஆனால் அது என்ரை கணக்கு. என்ரை நெஞ்சு வருத்தத்தின்ரை பதிவு."

"எங்க சித்திகிட்ட இப்படித்தான் அழுது பேசி பேங்க்ல இருந்ததை எல்லாம் எடுத்துட்டாங்க. நீங்க வேற சிலோன்ங்குறீங்க. மன்னிச்சிருங்க அக்கா."

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன். என் எண்ணை அடைத்திருந்தாள். அந்தோனி தன் கைபேசியிலிருந்து அழைத்துக் கேட்டபோதும் மாட்டேன் என்றாள். அவள் செய்தது சரி. அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன். பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். என் இதயம் துடித்த துடிப்பெல்லாம் அக்கரையில், ஒரு பயந்த பெண்ணின் கைக்குள் பூட்டிக் கிடந்தது.

கிளினிக்குக்கு வெறுங்கையோடு போனேன்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் அம்மா," என்றார் டொக்டர். "ஆனால் நம்பிக்கையிலை மட்டும் இந்தக் குளிசையைத் தொடங்க ஏலாது. புதுப்பட்டியைக் கட்டுங்கோ. இனி வந்தால் அதைக் கொண்டு உடனே ஓடிவாங்கோ."

இனி வந்தால். அந்த இரண்டு சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

நானா புதுக்கணக்குத் திறந்து தந்தார். அதில் நான் நேற்றுப் பிறந்தவள். கோடு தட்டையாக ஓடியது. அதுவரை துள்ளல் வரக்கூடாது என்று மாதாவிடம் கேட்டவள், வரவேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். இந்த வேண்டுதலின் கேவலத்தை, இதே இடத்தில் நின்றவர்கள் அறிவார்கள். தைக்கும்போதும் அரிசி களையும்போதும் நெஞ்சில் காது வைத்திருந்தேன். அந்தோனி கடலிலிருந்து வந்து முதல் கேள்வியாக, "வந்ததே?" என்பார். "இல்லை" என்பேன். இரண்டுபேரும் ஏமாந்துபோய்ச் சாப்பிடுவோம். எவ்வளவு அழகான குடும்பம்.

அது வந்தது. ஒரு மத்தியானம், பாடசாலைச் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது. நெஞ்சு துள்ளியதாகவே எனக்கு நினைவில்லை. துணியைப் பிடித்திருந்த இடக்கை அதை விட்டுவிட்டது, அவ்வளவுதான். எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. யாரோ ஒருவருடைய கை மேசையில் கிடப்பதுபோலக் கிடந்தது. பக்கத்து வீட்டு மேரியைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது அவளுடைய பெயராக இல்லை. அவள்தான் ஓடிவந்து, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல்). ஆஸ்பத்திரி வாட்டில் எடுத்த ஈசிஜியில் மேலறை நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் ஒளித்து விளையாடியது, இப்போது எல்லோருக்கும் முன்னால் ஆடியது. வார்பரின் தொடங்கினார்கள். ஆதாரம் கேட்க இனி யாருக்கும் தேவையிருக்கவில்லை.

பேச்சு மெல்லத் திரும்பியது. காலும் இழுத்து இழுத்து நடந்தது. கை திரும்பவில்லை.

வாட்டில் இருக்கும்போதே அந்தோனியின் கைபேசி அடித்தது. அக்கரையில் என் பழைய எண்ணை வைத்திருந்த பெண்தான்; நான் அழைத்த எண்ணை அடைத்தவள், அந்தோனி அழைத்த எண்ணை வைத்திருந்திருக்கிறாள். அவர் சத்தத்தைக் கூட்டி என் காதருகே பிடித்தார்.

"அண்ணே, அன்னைக்கு அந்த அக்கா அழுதது மனசுலயே கெடக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். உடம்பு சம்பந்தமானதுன்னா குடுத்துருன்னாரு. இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க, வாசிக்கிறேன். அக்கா நல்லா இருக்காங்களா?"

அந்தோனி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடினேன்.

"ஓம் தங்கச்சி," என்றார் அவர். "நல்லா இருக்கிறா."

நானா கைபேசியோடு வாட்டுக்கு வந்தார். அவள் வாசித்தாள், அவர் பதிந்தார். எல்லாம் அப்படியே வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. என் துள்ளல்கள் வரிசையாக எழும்பி நின்றன, தையல் நாட்கள், பூசை நாட்கள், மீன் காயவைத்த நாட்கள், எல்லாவற்றிலும். டொக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆதாரத்துக்கு இது காணும், போதும்," என்றார். "அப்பவே இது காணுமாயிருந்தது."

கைபேசியை என் வலக்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: உங்கள் பதிவை உங்கள் கைக்கு எட்டும் எண்ணில் வையுங்கள். பழையதை ஒருவரிடமாவது காட்டும்வரை எதையும் அழிக்க விடாதீர்கள். சொல்லும்போதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயம் ஒரு கையைக் கொண்டுபோயிருக்கக்கூடாது.

மெஷினை மேரியின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் இப்போது மதிலுக்கு அப்பால் கேட்கிறது.

நானா பழையதையும் புதியதையும் ஒரே கணக்கில் சேர்த்துத் தந்தார். நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது, பட்டி இல்லாமல் நான் தலைமன்னாருக்கும் கிளினிக்குக்கும் அலைந்த நாட்கள். என் காலம் இப்போது அந்த வெற்றிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் இருக்கிறது. சிலவேளை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அதில் ஒரு பெண் இரண்டு கையாலும் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நேரம் இருக்கிறது.

பட்டியை இடக்கையில்தான் கட்டியிருக்கிறேன். அந்தோனிதான் கட்டிவிடுவார். அது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று அந்தக் கைக்குத் தெரியாது. வலக்கையால் தடவிப் பார்க்கவேண்டும். தடவும்போது திரை வெளிச்சமாகி நாடியைக் காட்டும். அந்தக் கை என்னுடையது என்று எனக்குச் சொல்ல, இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.