தெய்வநாயகம் ஆர்க்கிட்டுக்கு நீர் பாய்ச்சிய வரலாறு

“செடின்னு ஒண்ணு இருந்தா, அத எப்படி வளக்கறதுன்னு நான் ஒருத்தன்கிட்ட போய்க் கேட்டதில்ல. சாகற வரைக்கும் கேக்கவும் மாட்டேன்.”

பாகூர் டீக்கடையில் தெய்வநாயகம் வெளியிட்ட இந்தப் பிரகடனத்துக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் வாயில் பஜ்ஜி இருந்ததால் மறுக்க முடியவில்லை. இன்னொருவர் பக்கத்து நிலக்காரர். மடைத் தண்ணீர் தெய்வநாயகத்தின் வயலைத் தாண்டித்தான் அவருக்கு வரவேண்டும் என்பதால் மறுக்க விரும்பவில்லை. வரலாற்று உண்மைகள் இப்படித்தான் நிலைபெறுகின்றன.

நெல்லிலும் கரும்பிலும் ஐயாவின் கை கைதான், அதில் குறை சொல்ல முடியாது. வேளாண் அதிகாரி உர அளவைப் பற்றி வாயெடுத்தால், ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்து அந்த வாயை அடைத்துவிடுவார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த ஆர்க்கிட் வந்தது. மருமகள் கீதாஞ்சலி கல்யாணத்துக்கு முன்பு வில்லியனூரில், தன் அப்பாவின் ஹார்டுவேர் கடை மொட்டை மாடியில் ஆசையாக வளர்த்த செடி. சம்மந்தி அரங்கநாதன் அதை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார்.

“சம்மந்தி, இதுக்குத் தண்ணி மட்டும்...”

“சம்மந்தி, நீங்க ஆணி விக்கறவரு. ஆணி எப்படி அடிக்கறதுன்னு நான் உங்களுக்குச் சொன்னனா? உக்காருங்க. காப்பி சாப்புடுங்க.”

அரங்கநாதன் காப்பி சாப்பிட்டார். பெண்ணைக் கொடுத்தவர், வேறென்ன செய்வார்?

கீதாஞ்சலிக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. டிரெய்னிங் என்று அவளை ஒரு மாசம் ஓசூருக்கு அனுப்பினார்கள். “வாரத்துக்கு ஒருதரம் லேசா தெளிச்சா போதும் மாமா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். வயலுக்கே வெள்ளம் கட்டுகிறவரிடம் தெளிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அவள் பஸ் ஏறியதும் ஐயா தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே கரித்துண்டும் தேங்காய் மட்டையும். “இன்னாது இது, அடுப்புக் குப்பைய அள்ளிப் போட்டு வெச்சிருக்கானுங்க!” குப்பை குப்பைக்குப் போனது. அதற்குப் பதில் ஏரி வண்டல் வந்தது. தண்ணீர் ஓடிவிடக் கூடாதென்று தொட்டியின் ஓட்டை களிமண்ணால் அடைக்கப்பட்டது. நடவு வயல் மாதிரி தண்ணீர் தளும்பி நின்றது. நாலு நாளில் இலை மஞ்சளித்தது. நெல் மஞ்சளித்தால் யூரியா பசி, இதுவும் செடிதானே? ஒரு கை யூரியா விழுந்தது. இன்னும் மஞ்சளித்தது. இன்னொரு கை விழுந்தது.

ஓசூரிலிருந்து திரும்பிய கீதாஞ்சலி பையைக்கூட இறக்கவில்லை.

“இன்னா மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“அது... சீசன் மாறுதும்மா.”

அவள் செடியைப் பிடுங்கினாள். பிடுங்கக்கூடத் தேவையில்லை, தூக்கினதும் கையோடு வந்தது. அந்த நாற்றம் தெய்வநாயகத்தின் மூக்கில் ஏறியது. வடிகால் அடைத்த வயலின் நாற்றம். அவருக்குத் தெரியாத நாற்றமா? தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் மாட்டைப் பார்க்கப் போனார்.

கீதாஞ்சலி குழாயடியில் சேற்றைக் கழுவினாள். ஒவ்வொரு வேராக விரலால் நசுக்கினாள். கொழகொழவென்று தோல் கழன்றதெல்லாம் அழுகல். கத்தரிக்கோலை அடுப்பு நெருப்பில் காட்டி அவற்றை வெட்டி, வெட்டிய வாயில் மஞ்சள்தூள் தடவினாள்.

“செடி நடறியா, கோழி வறுக்கறியாடி?” என்றாள் மாமியார் விஜயகுமாரி.

நிழலில் காயவைத்த பிறகு, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட மண்சட்டியில் ஓட்டுச்சில்லும் கரியும் தேங்காய் மட்டையும் போட்டு, அதில் செடியை நிறுத்திக் குச்சியோடு கட்டினாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு வேருதான் மாமா உயிரோட இருக்கு. இதுவும் போச்சுன்னா செடிய எடுத்துனு போய் எங்கப்பாகிட்டயே குடுத்துடுவேன்.”

செடி வில்லியனூர் போனால் சேதியும் கூடவே போகும். ஹார்டுவேர் கடைக்கு வராத விவசாயி அந்தப் பக்கத்தில் எவன்? தெய்வநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டியின் முன் நிற்பார். கையை அவிழ்த்தால் அது தானாகச் செம்பைத் தேடிப் போகும் என்ற பயம். “சாமி கும்புடறீங்களா?” என்று கேட்டாள் விஜயகுமாரி.

மழை முடிந்த ஒரு காலையில், அடி இலைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. புது வேர்! ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்த வேர் சட்டிக்குள் போகவில்லை. நாளுக்கு நாள் நீண்டு, வெளியே காற்றில் விறைத்துக்கொண்டு நின்றது. வேர் வெளியே தெரிந்தால் மண் அணைக்க வேண்டும்; கரும்புக்கு ஆயுள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறார். ஒரு பிடி வண்டலை எடுத்தும் விட்டார். கை சட்டிக்கு மேலேயே நின்றது.

கீதாஞ்சலிக்கு போன் போட்டார். ஷிப்ட் நேரம், கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

வண்டலைக் கீழே போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு நடந்தார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய், யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு போனை எடுத்தார்.

“சம்மந்தி, நல்லாருக்கீங்களா? கடையில ஆளுங்க இருக்காங்களா?”

“இருக்காங்க சம்மந்தி. ஏன்?”

“அப்ப கொஞ்சம் வெளிய வாங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒண்ணுமில்ல... அந்த ஆர்க்கிட்டுல புதுசா ஒரு வேரு வருது. உள்ள போவாம வெளியவே நீட்டினு நிக்குது. மண்ணு போட்டு மூடணுமா, அப்படியே உட்டுடலாமா? நீங்க சொல்லுங்க.”

பதில் சரியாகக் காதில் விழவேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார்.