கில்பர்ட் வைக்கும் மெழுகுவத்தி

காக்ஸ் டவுனில் எந்தக் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தாலும் இரண்டு பேருக்குப் போன் வரும். சவப்பெட்டிக்கு எனக்கு, வீடியோவுக்குக் கில்பர்ட்டுக்கு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மரம் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கில்பர்ட் முன்னே கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஊரடங்கு வருஷத்தில் சாவுக்கு யாரும் போக முடியவில்லை. ஒரு வீட்டார் கெஞ்சிக் கேட்டதால் அடக்கத்தை அப்படியே நெட்டில் விட்டான். அன்றிலிருந்து குவைத்திலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அவன் கேமரா வழியாகத்தான் தாய் தகப்பனைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். அவனிடம் இருப்பது பதிமூன்று வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர். அந்த டப்பாவை ஆட்டோவில் தலையணை முட்டுக்கொடுத்து, நோயாளியைக் கூட்டிவருவது போலக் கொண்டுவருவான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியின் தலைமாட்டில், படத்துக்குள் விழும்படி ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைப்பான்.

"செத்தவங்க அசைய மாட்டாங்கண்ணா. படம் ஓடுதா, நின்னுடுச்சான்னு எத வெச்சு கண்டுபிடிக்கறது? சுடர் ஆடினா ஓடுதுன்னு அர்த்தம்."

அன்னம்மாள் போனது ஏப்ரல் வெயிலில். அன்று காலைதான் அத்திபெலேயில் என் மகள் லவினாவுக்குப் பெண் பிறந்திருந்தது. எனக்கு முதல் பேத்தி. போனில் வந்த போட்டோவை ஆட்டோவில் வரும்போதே பத்துத் தடவை பார்த்தேன். சாவு வீட்டில் சிரித்துவிடக் கூடாதே என்று வாயை இறுக்கிக்கொண்டு பெட்டியை இறக்கினேன்.

அன்னம்மாளுக்கு ஒரே மகள் ஜூடித். குவைத்தில் நர்ஸ். லீவு கொடுக்கவில்லை. எனக்கே போன் பண்ணினாள்.

"அங்கிள், டாடிய மூடினப்போ நான் பாக்கல. இன்னும் அவர் கடைக்குப் போயிருக்கற மாதிரியே இருக்கு. மம்மிய மூடறத நான் பாக்கணும். நான் பாக்காம மூடிடாதீங்க."

"மாட்டேம்மா," என்றேன்.

ஜெபமாலை நடுவிலேயே படம் நின்றது. கில்பர்ட் அணைத்துப் போட்டான். நீலத் திரையில் ஏதேதோ எண்கள் வந்தன.

"என்னடா ஆச்சு?"

"டிசம்பர்ல இதோட வேகத்த ஏத்தி வெச்சேண்ணா. ஓவர்கிளாக்னு சொல்வாங்க. ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டர முறுக்கியே வெச்ச மாதிரி. அப்ப குளிர்ல ஓடிச்சு. இப்ப சூடு தாங்கல."

"பழைய வேகத்துக்கே இறக்கிடேன்."

"அதுல படம் திக்கும். எங்கப்பா முகம் துண்டு துண்டா தெரிஞ்சுதுன்னு ஒரு வீட்ல அழுதாங்க. ஒரு படி இறக்கினா போதும். ஸ்வல்ப நேரம் இருங்க."

ஒரு படி இறக்கினான். இருபது நிமிஷம் ஓடி நின்றது. இன்னொரு படி இறக்கினான். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி ஒரு படி. டப்பாவின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே கை நீட்டினேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

"அன்னம்மாவுக்குப் போக மனசில்ல. அதான் நிறுத்தி நிறுத்திப் பாக்குறா," என்றாள் பக்கத்து வீட்டு பெர்னதெத். யாரும் சிரிக்கவில்லை.

நாலரைக்கு ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரைக்குள் கல்லறையில் இருக்க வேண்டும்.

"படம் ஓடுதா கில்பர்ட்?"

"ஓடுது ஃபாதர்." சொல்லிவிட்டு, டப்பாவுக்குக் காற்று பிடிக்க டேபிள் ஃபேனைச் சொருக மேஜைக்குக் கீழே குனிந்தான்.

எல்லோரும் முத்தம் கொடுத்தார்கள். மூடியை வைத்தேன். முதல் ஸ்க்ரூவை முடுக்கினேன். சீக்கிரம் முடித்தால் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மனசு பறந்தது. இரண்டாவதையும் முடுக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

திரையில் மூடியே இல்லை. அன்னம்மாள் திறந்த பெட்டியில் படுத்திருந்தாள். என் பக்கத்தில் மெழுகுவத்திச் சுடர் ஃபேன் காற்றில் சாய்ந்து துடித்தது. திரையில் அது ஆணி அடித்தது போல நேராக நின்றது.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஜூடித்.

"அங்கிள், இன்னும் மூடலதானே? மம்மியத்தான் பாத்துட்டே இருக்கேன்."

"லைன்லயே இரும்மா," என்றேன். எங்கள் தொழிலில் மூடிய பெட்டியைத் திரும்பத் திறப்பதில்லை. திறந்தால் அது இன்னொரு ஆளைக் கேட்கும், அதுவும் திறந்தவன் வீட்டில்தான் கேட்கும் என்பார்கள். நான் அதை நம்பாதவன் இல்லை.

கில்பர்ட் எழுந்து திரையைப் பார்த்தான். நேராக வந்து என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தான்.

"தப்பு என்னுதுண்ணா. உங்க வீட்ல இன்னைக்குத்தான் குழந்த பொறந்திருக்கு. நான் கழட்டறேன். எனக்கு வீட்ல யாரும் இல்ல."

"நீ உன் டப்பாவப் பாருடா," என்றேன்.

இரண்டு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன்.

இந்தத் தடவை அணைத்துப் போட்டபோது கம்ப்யூட்டரில் நீலத் திரைகூட வரவில்லை, வெறும் கறுப்பு. கில்பர்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளேயிருந்து எட்டணா அளவு பேட்டரி ஒன்றை நெம்பி எடுத்தான்.

"நான் ஏத்தினத எல்லாம் இதுதான் ஞாபகம் வெச்சிருக்கு. அஞ்சு நிமிஷம் வெளிய வெச்சா மறந்து பழைய வேகத்துக்கே வந்துடும்."

அந்த ஐந்து நிமிஷமும் திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். அன்னம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேட்டரியைப் போட்டதும் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. தேதியும் மறந்து போயிருந்தது. அது காட்டிய வருஷத்தில் அன்னம்மாள் புருஷனோடு உயிரோடு இருந்தாள். கில்பர்ட் இன்றைய தேதியை அடித்தான்.

படம் வந்தது. திக்கியது. சுடர் விட்டு விட்டு ஆடியது, ஆனால் ஆடியது.

"தெரியுதாம்மா?"

"தெரியுது அங்கிள். திக்குது. பரவால்ல." மூடியைக் கையில் எடுத்தேன். "இப்ப மூடுங்க."

நான்காவது ஸ்க்ரூ முடியும் வரைக்கும் அவள் அழவில்லை. கில்பர்ட் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு அத்திபெலே போய்ச் சேர்ந்தேன். பேத்தி வெள்ளைத் துணியில் சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகு. ஆனால் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நெற்றி முடி மட்டும் லேசாக ஆடியது. அது ஃபேன் காற்று.

"என்னப்பா, தூக்காம அப்பிடிப் பாக்குறீங்க?" என்றாள் லவினா.

குனிந்து அந்தச் சின்ன மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். வெதுவெதுவென்று ஒரு மூச்சு வந்தது. விரலை எடுக்காமல் அடுத்த மூச்சுக்காக நின்றேன்.