டிரைவர் பார்த்த லைசென்ஸ்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு சக்கர நாற்காலியை அளந்தது. நாடாவின் ஒரு நுனி அவர் கையில், மறுநுனி அவள் கையில். நாற்காலியில் அம்மா. பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய இடது பக்கம் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நாற்காலி குளியலறை வாசலைவிட நான்கு விரல் அகலம் கூடுதல். அதனால் அவளை ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"என்னை அளக்கிறீங்களா, பீரோவை அளக்கிறீங்களா?" என்றாள் அம்மா.

"பீரோன்னா வாயை மூடிட்டு இருக்கும்," என்றார் அப்பா.

வாசலை அகலப்படுத்தச் சுவரை இடிக்க வேண்டும். மகளுக்கு மின்மாற்றிகளைச் சோதிக்கும் வேலை. சுவர்கள் அவள் துறையல்ல. "மாடிப் பாரம் எந்தச் சுவர்ல நிக்குதுன்னு தெரிஞ்ச ஆளா வேணும்ப்பா. வர்றவனுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"லைசென்ஸ் இல்லாதவன் என் வாசப்படி ஏறிட்டு முழுப் பல்லோட இறங்குவானா?"

அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. அப்பா வேலைக் காலம் முழுக்க லாரி ஓட்டியவர். எத்தனையோ சோதனைச் சாவடிகளில் கேபினிலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்டிருக்கிறார். லைசென்ஸை எடுத்துக் காட்டிய பிறகும் அறை விழுந்திருக்கிறது. ஒரு சாவடியில் போலீஸார் தடியால் அடித்துத் தாடையை உடைத்தார்கள். அதன் பிறகு அவருக்கு வாய் நேராக மூடவில்லை. ஓய்வு பெற்றதும் தன் வீட்டு வாசலிலேயே சாவடி போட்டுக்கொண்டார். லைசென்ஸ் இல்லாமல் ஒயரிங் செய்ய வந்தவனை ஏணியோடு சாய்த்தார். அவனுக்கு முன்பல் போயிற்று. அவன் அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். லாரி ஜாக்கியைத் திருகும் இரும்பு ராடுடன் வெளியே போனார் அப்பா. திரும்பி வரும்போது சட்டையில் இருந்த ரத்தத்தில் பாதிதான் அவருடையது. தெருவே அவரை 'செக்போஸ்ட்' என்றது. அதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பார்.

சாவடியில் அவருக்கு எப்படி நடந்ததோ அப்படித்தான் அவரும் சோதிப்பார். வந்தவன் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார். அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். பிறகு தேதி. அவ்வளவுதான்.

அன்று வந்த கொத்தனார் அந்தச் சோதனையில் தேறினான். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நடந்ததைப் பார்த்தது கூடத்தில் நாற்காலியில் இருந்த அம்மா மட்டும். பிறகு மகளிடம் சொன்னாள்:

"கடப்பாரையால நாலு போடு போட்டிருப்பான். மேல தளத்துல விரிசல் ஓடுச்சு. 'முட்டுக் கொடுத்தியாடா?'ன்னார் உங்கப்பா. 'எதுக்கு ஐயா?'ன்னான். அவ்வளவுதான். கழுத்தைப் பிடிச்சுச் சுவத்துல மோதினார். எந்தச் சுவர்டி? அதே சுவர். நான் கத்துறேன். காதுல விழுந்தாத்தானே? அவன் மூக்கு உடைஞ்சு ரத்தமா கொட்டுது, இவர் விடல. அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார், சுவர் சாயுது. அவன் இடுப்புல விட்டார் ஒரு உதை. என் காலடில வந்து விழுந்தான். அவன் கால்மேல கொஞ்சம் செங்கல். மீதி எல்லாம் உங்கப்பா மேல."

வேலையிலிருந்து ஓடிவந்து செங்கற்களை அள்ளியபோது மகளின் நகங்கள் பெயர்ந்தன. அப்பாவின் தாடை இன்னொரு முறை உடைந்திருந்தது. இந்த முறை தலையோடு சேர்த்து.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும் ஜாக்கி ராடைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொத்தனார் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தான். ராடை அவன் தொண்டையில் குறுக்கே வைத்து அழுத்தினாள்.

"லைசென்ஸை எடு."

தலைமாட்டில் தொங்கிய சட்டையைக் கண்ணால் காட்டினான். அட்டை போலி அல்ல. படம் அவனுடையது. தேதி சரி. 'பூச்சு வேலை, முதல் நிலை' என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே, கட்டவும் இடிக்கவும் இந்த அட்டை செல்லாது என்ற வரி. அதுவும் படிக்கும்படிதான் இருந்தது.

"இதைக் காட்டித்தான் அவரை ஏமாத்தினியா?"

"இல்லக்கா. இது பூச்சுக்கு மட்டும்தான் ஐயான்னு வாயைத் திறந்து சொன்னேன்." அவன் குரல் ராடுக்கு அடியிலிருந்து நசுங்கி வந்தது. "'முதல் நிலைடா நீ! லாரி லைசென்ஸ் வெச்சிருக்கிறவன் கார் ஓட்டக்கூடாதா? வீடு முழுக்கப் பூசுறது லாரி, நாலு விரல் இடிக்கிறது கார்'னு அவர்தான்..."

ராடு தளர்ந்தது. அது அப்பாவின் பேச்சேதான். இவனாக இட்டுக்கட்டியிருக்க முடியாது. பெரிய வண்டி லைசென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு அதைவிடச் சின்னதையெல்லாம் அவர் ஆயுள் முழுக்க ஓட்டியிருக்கிறார்.

"நீ ஏன்டா சரின்ன? உனக்குத் தெரியுமில்ல?"

"என் தாடையை அவர் பிடிச்சிருந்தாரேக்கா. மாட்டேன்னா விட்டிருப்பாரா?"

விட்டிருக்க மாட்டார். ஆனாலும் ராடு அவன் காலில் இறங்கியது. மாவுக்கட்டு பிளந்தது. அவன் அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. இரண்டு ஆயாக்கள் அவள் தலைமுடியைப் பிடித்துப் படிவரை இழுத்துவந்து தள்ளினார்கள். முழங்கைத் தோல் உரிந்தது. வலிக்கவில்லை.

வீட்டில் அம்மா நாற்காலியில் காத்திருந்தாள். "வந்துட்டியா? பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுடி. என்னைத் தூக்கணும்."

அப்போது அப்பாவின் போன் அடித்தது. தச்சர்.

"என்னண்ணே, ஆளையே காணோம்? குளியலறைக் கதவு ரெடி. நீங்க சொன்ன புது அகலம்தான். கீல் எந்தப் பக்கம் வெக்கணும்னு அண்ணிகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்னு போனீங்களே. நல்லா இருக்கிற கைக்குத் தோதா இருக்கணும்னு வேற சொன்னீங்க. ஹலோ? அண்ணே?"

"யாருடி?" என்றாள் அம்மா.

கீல் எந்தப் பக்கம் என்று அவளிடம் அப்பா கேட்டிருக்கவில்லை.