தடுப்புக்கு அந்தப்பக்கத்துக் கதை

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரே நீளக் கூடம், குறுக்கே ஒரு மரத்தடுப்பு. இந்தப் பக்கம் ஏ பிரிவுக்குத் தமிழ் நான். அந்தப் பக்கம் பி பிரிவுக்கு, சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒருத்தி. மரியாதையாக அவர் இவர் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

அவள் வரும்வரை இந்தக் கடலூரில் தமிழ் டீச்சர் என்றால் நான்தான். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் என் பழைய மாணவர்கள் பைக்கை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். என் பிரிவில் யாரும் தமிழில் தோற்றதில்லை. கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, தலைப்புக்கு அடிக்கோடு. மழைநீர் சேமிப்போ சாலைப் பாதுகாப்போ, முன்னுரை ஒன்றுதான். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மார்க் வந்தது.

அவள் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கதை சொல்ல ஆரம்பித்தாள். அவளே இட்டுக்கட்டிய கதை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் மத்தியான பஸ்ஸில், கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு டிபன் கேரியர் கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் எங்களுடையது இல்லை என்கிறார்கள். கண்டக்டர் திறந்து பார்க்கிறார். சோறும் சாம்பாரும், இன்னும் சூடாக. பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மறுநாளும் அதே இடத்தில் கேரியர். உப்பு சரியாக இருக்கிறது.

மணி அடித்துவிட்டது. "திங்கக்கிழமை சொல்றேன்" என்று டஸ்டரைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய திங்கக்கிழமை எப்போதும் அடுத்த வெள்ளிக்கிழமைதான் வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தாள். கதையை வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்கிறவர் எந்த இடத்தில் "அப்புறம்?" என்கிறார் என்று கவனிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து வரி, சொந்தமாக. முன்னுரை எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஸ்டாஃப் ரூமில் அவள் மேசைமேல் குவிந்த தாள்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளைகளிடம் ஐந்து வரி வாங்க நான் பிரம்பை எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை என் வகுப்பை மனப்பாடச் செய்யுளை உரக்கச் சொல்ல வைத்தேன். அவள் குரல் அமுங்கிப்போனது. எனக்கும் கதை கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து, "சத்தம் போடாம எழுத்துப் பயிற்சி பண்ணுங்க" என்றேன். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பேனாவும் ஓடவில்லை. நானும் தடுப்போரமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டேன்.

என் வகுப்பில் ஒரு பெண் உண்டு. அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதிகாரி யார் வந்தாலும் அவள் நோட்டைத்தான் நீட்டுவேன். அவள் ஒருநாள் வந்து, "டீச்சர், நான் பி செக்‌ஷனுக்கு மாறிக்கலாமா?" என்றாள். "உனக்கு இங்க என்னடி கொறச்சல்?" என்று கேட்டேன். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லத்தான் பயம். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அன்று வீட்டில் சமைத்த சாம்பாரில் உப்பே போட மறந்திருந்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கதையில், யார் கேரியரை வைக்கிறார்கள் என்று பார்க்கக் கண்டக்டர் கடைசி சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுச்சத்திரம் தாண்டியது. பி.முட்லூரில் பஸ் நின்றது. பின்பக்கப் படியில் யாரோ ஏறுகிற சத்தம். பள்ளி மணி அடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, நிறைமாதத்தோடு பஸ் ஏறி வந்துகொண்டிருந்த அவளுக்கு, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் வலி வந்து, பெண் குழந்தை பிறந்துவிட்டது. நீண்ட லீவு. தலைமையாசிரியர் தடுப்பை மடக்கச் சொல்லி இரண்டு பிரிவையும் என் தலையில் கட்டினார்.

"யாரு டீச்சர் ஏறுனது?" மொத்தக் கூடமும் என்னைக் கேட்டது.

எனக்கென்ன, கதை சொல்ல வராதா? ஏறியது ஒரு தர்மவதி என்றேன். பசித்தவருக்கு அன்னமிடுவதே மனிதப் பண்பு என்று அழகாக ஒரு முடிவுரையும் வைத்தேன்.  அந்தக் கையெழுத்துப் பெண்தான் மெதுவாகக் கேட்டாள்: "அவ்ளோதானா டீச்சர்?"

அந்த "அவ்ளோதானா" என்னைத் தூங்கவிடவில்லை. குழந்தையைப் பார்க்கிற சாக்கில் ஒரு சட்டையும் சோப்பு டப்பாவும் வாங்கிக்கொண்டு சிதம்பரம் போனேன். பி.முட்லூரில் பஸ் நின்றபோது வெட்கமில்லாமல் பின்படியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வீட்டில் குழந்தையை ஒரு நிமிடம் கொஞ்சிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், யார் ஏறியது என்று.

"எனக்கே தெரியாது டீச்சர்" என்று சிரித்தாள். "பசங்க எழுதிக்கிட்டு வர்றதுல எது நல்லாருக்கோ, அதத்தான் அடுத்த வாரம் சொல்லுவேன். ஆரம்பம் மட்டுந்தான் என்னுது."

"அந்த உப்பு?"

"அது நான் கத சொல்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. கேரியர் கிடக்குதுன்னு மட்டும் ஒரு நாள் மத்தியானம் பசங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தேன். உங்க செக்‌ஷன் பொண்ணு ஒண்ணு, கையெழுத்து முத்து முத்தா இருக்குமே, அதுதான் மறுநாள் எழுதிக் குடுத்துட்டு ஓடுச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. என் சாம்பாரில் உப்பை மறக்கவைத்த வரி என் பெஞ்சிலிருந்தே போயிருக்கிறது, அவளிடம். திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை, நான் சொன்ன முடிவு செல்லாது என்று அறிவித்தேன். வீட்டில் சொல்லிப் பாருங்கள், "அப்புறம்?" வரும் இடத்திலிருந்து எழுதுங்கள், முன்னுரை வேண்டாம். அந்தக் கடைசி இரண்டு சொற்களை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுத் தாள் சேர்ந்தது. அந்தக் கையெழுத்துப் பெண்ணுடையதைக் கடைசியில் எடுத்து உரக்கப் படித்தேன்.

பின்படியில் ஏறியது டிரைவர். டயரைப் பார்ப்பதாகச் சொல்லித் தினமும் பி.முட்லூரில் இறங்குவார், அவர் வீடு அங்கேதான். மனைவி சுடச்சுடக் கொண்டுவந்து கொடுக்கிற கேரியரைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். நேராகக் கொடுத்தால் கண்டக்டர் வாங்க மாட்டார், ரோஷக்காரர். உப்பு கம்மி என்று முணுமுணுத்ததும் டிரைவர் காதில் விழுந்திருந்தது. ஒரே வண்டிதானே.

தாளைக் கீழே வைத்தேன். கூடம் முழுக்கக் கைதட்டல். என் பக்கத்துப் பெஞ்சு, என் பெண், என் வகுப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், இத அந்த டீச்சருக்கும் போன்ல சொல்லிடுறீங்களா? அவுங்க கேப்பாங்க."

"சொல்றேன்" என்றேன்.

சாயங்காலமே சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. அழுகிற குழந்தையைத் தட்டிக்கொண்டே பேசினாள். "பசங்க எழுதிக் குடுத்துட்டாங்களாமே, என்ன எழுதுனாங்க டீச்சர்? யாரு ஏறுனது? எனக்கு இருப்பே கொள்ளல."

நான் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமை சொல்றேன்" என்று போனை வைத்தேன்.