தோட்டப் பேச்சுக்கு ஆத்தா தந்த இடம்

ஆத்தாளை நம்பி வாழ்கிற சொந்தங்களே, என் மகள் ரேணுகா பேசுவதை நிறுத்திவிட்டாள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் டயகமவில் ஆட்டோ ஓட்டுகிறவன். என் வாய் ஆட்டோவை விடச் சத்தம். மனைவி செல்வி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி ரேணுகா. பேச்சு வராத பிள்ளைகளைப் பேச வைக்கும் சிகிச்சையைப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வர வேண்டும் என்பது அவள் ஆசை. கொழும்பில் அந்தப் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்தாள். எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. நேர்முகப் பரீட்சையில் விழுத்திவிட்டார்கள்.

அவள் பேசியதைக் கேட்டு அங்கிருந்த ஒருவர் சிரித்தாராம். "இந்தத் தோட்டப் பேச்ச வச்சுக்கொண்டு மற்றவங்கட பேச்சத் திருத்தப் போறீங்களா?" என்றாராம்.

வீட்டுக்கு வந்தவள் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். சோறு அப்படியே இருக்கும். நான் விடுவேனா? "எம் பேச்சக் கேட்டிருந்தா அந்த ஐயா மயங்கி விழுந்துருப்பாரு" என்றேன். சுவர் கூடச் சிரிக்கவில்லை.

"சும்மா இருங்களேன். புள்ள உசுரில்லாம கெடக்கு, ஒங்களுக்குக் கூத்து" என்றாள் செல்வி. அவள்தான் பிள்ளையை உட்கார வைத்து மேன்முறையீடு போட வைத்தாள். பதில் வரவில்லை.

ஒரு நாள் காலையில் ரேணுகா கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு, "நானும் மலைக்கு வர்றேம்மா" என்றாள். அவ்வளவுதான். நான் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அக்கரப்பத்தனைக்குப் போவுமாங்க?" என்றார். போகும் என்றேன். போகிற வழியெல்லாம் அழுதேன். அந்த அம்மா பயந்துபோய் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டார்.

அப்போது எங்கள் மாரியம்மன் திருவிழா வந்தது. காப்புக் கட்டி மௌனம் இருப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தேர் லயங்களைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆத்தா முன்னால் விழுந்தேன். "தாயே, எங்கிட்ட இருக்கிறது இந்த வாய் ஒண்ணுதான். இத எடுத்துக்க. எம் புள்ளைக்கு ஒரு வழி காட்டு" என்று கேட்டுக் காப்புக் கட்டிக்கொண்டேன்.

"என்னண்ணே, ஆத்தா ரேடியோவ நிப்பாட்டிட்டாளா?" என்று ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். பதில் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு ஆத்தாளுக்குத்தான் தெரியும்.

காப்போடு இருக்கும்போதே மேன்முறையீட்டு விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. மகளோடு கொழும்புக்குப் போனேன். என்னையும் உள்ளே உட்கார விட்டார்கள். தலைமை தாங்கிய அம்மா, "அப்பா ஏதாவது சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார். எப்போதும் மகளுக்கும் சேர்த்து நானேதான் பேசுவேன். அன்று கையில் இருந்த காப்பைக் காட்டிவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது ரேணுகா வாய் திறந்தாள்.

"மேடம், எங்க தோட்டத்துல ஒரு புள்ளைக்குப் பேச்சு வரலன்னு வைங்க. அது யாரு மாதிரி பேசணும்? அவங்க அம்மா மாதிரிதானே? அவங்க அம்மா பேசுறதத்தான் நானும் பேசுறேன். நான் பேசுறது பிழைன்னா, அந்தப் புள்ள நல்லாப் பேசினாலும் பிழைதானே?"

குரல் நடுங்கியது. ஆனாலும் அது அவள் குரல். தலைமை தாங்கிய அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம், பேசும் முறைக்குப் புள்ளி குறைக்க எந்த விதி இருக்கிறது என்று கேட்டார். யாராலும் காட்ட முடியவில்லை. வேறு ஆட்களை வைத்து மறுபடி நேர்முகப் பரீட்சை நடத்தச் சொன்னார்.

ரேணுகாவுக்கு இடம் கிடைத்தது. கோடி நன்றி தாயே!

ஆனாலும் மனசு முழுசாக ஆறவில்லை. கொத்மலைப் பிள்ளை ஒருத்தியையும் அந்த முதல் நேர்முகத்தில் அதே மாதிரிச் சிரித்துத்தான் அனுப்பினார்களாம். அவள் மேன்முறையீடு செய்யவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். ரேணுகா தேடிப் போய், மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னாள். "பயமா இருக்குக்கா" என்றாளாம்.

அந்தப் பிள்ளைக்காக இப்போது விளக்கேற்றி வருகிறேன். நீங்களும் ஒரு விளக்கு ஏற்றுங்கள். ஆத்தாளை நம்பிக் கேளுங்கள். சன்னதியில் கேட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஆபீசுக்கும் போய்க் கேளுங்கள். அங்கேயும் ஆத்தா உங்கள் பக்கத்தில்தான் நிற்பாள்.