காதருக்கு வேர்க்காத காரணம்

யுத்த காலத்தில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தேன். பிரஷர் பார்ப்பது என் பொறுப்பு. ஆளைப் படுக்க வைத்துப் பார்ப்பேன். சீட்டில் 'நார்மல்' என்று எழுதித் தள்ளுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கும் உண்டு.

தாராவித் தோல் கொட்டகையில் வேலை பார்த்த காதருக்கும் மூன்று முறை அப்படித்தான் எழுதினேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டி விழுந்துவிடுவார். நான்காம் முறை அவரை மேஸ்திரியே இழுத்து வந்தார்.

"மூணு சீட்டுலயும் நார்மல்னு போட்டிருக்கிய. தகரக் கொட்டகையில எல்லாவன் பனியனும் பிழியலாம், இவன் பனியன் மட்டும் காஞ்சு கெடக்கு. காம்சோர் பய, வேலக் கள்ளன். இன்னைக்கும் நார்மல்னா நாளைக்கு வேற ஆளு போட்டுருவேன்."

காதர் என்னைப் பார்த்தார். "வேல செய்யத்தான்யா செய்தேன். வேர்க்க மாட்டேங்கு."

வழக்கம்போலப் படுக்க வைத்தேன். நூற்று நாற்பது. வாசலில் கூட்டம். அவசரத்தில் கைப்பட்டையைக் கழற்றாமலே எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன். நின்றவரின் முகம் வெளுத்தது. ஏதோ தோன்றி மறுபடி காற்றடித்தேன். பாதரசம் எண்பதுக்கு இறங்கிய பிறகுதான் சத்தமே கேட்டது. பிரஷர் இப்படி விழுந்தால் நாடி தலைதெறிக்க ஓட வேண்டும். அதுவோ ஆடி அசைந்து நடந்தது. காதர் என் மேலேயே சாய்ந்தார்.

டாக்டரைக் கூப்பிட்டேன். மேஸ்திரியை எதிரே நிறுத்தி அவரும் அதையே செய்து பார்த்தார். நாம் சொல்லாமலே உடம்பை நடத்தும் நரம்புகள் உண்டு, நிற்கும்போது ரத்தக் குழாயை இறுக்குவதும் நாடியை விரட்டுவதும் வேர்க்க வைப்பதும் அவைதான், காதருக்கு அவை பழுது என்று விளக்கினார்.

"வேர்க்காததே இவருக்கு வியாதி, மேஸ்திரி. அதைச் சொல்லி ஆளை அனுப்பிடாதேயும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கண்டுபிடித்தது நான்தானே என்ற சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

டாக்டர் சொன்ன வைத்தியம் இதுதான்: கஞ்சியில் தாராளமாக உப்பு, காலில் இறுக்கமாகத் துணிப்பட்டை, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல், உட்கார்ந்து தோலைத் தரம் பிரிக்கும் வேலை. மேஸ்திரியே இடம் மாற்றிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துக் காதர் தாராவியிலிருந்து தனியாக நடந்தே வந்தார். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. "நின்னு காட்டத்தான்யா வந்தேன்" என்றார். நானும் டாக்டரும் வேலையைப் போட்டுவிட்டு, அவர் நிற்பதையே வேடிக்கை பார்த்தோம்.

மயக்கம் என்று வருகிறவரை நிற்க வைத்தும் பார்க்காமல் அப்புறம் நான் 'நார்மல்' எழுதியதே இல்லை. நீங்களும் எழுதாதீர்கள்.