குடிக்காத தண்ணீர்

1. பத்தொன்பது பேர் தூங்கினார்கள்

கூடுவாஞ்சேரி யார்டில் என் முதல் நாளன்று பத்தொன்பது டிரைவர்களைத் தூங்க வைத்தேன்.

ஐ.டி. கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டும் தனியார் நிறுவனத்தின் யார்டு அது. காலை டிரிப் முடிந்து வண்டிகள் திரும்பியதும், பதினோரு மணிக்கு, டிரைவர்களுக்கு யோகா வகுப்பு. திங்களும் வியாழனும். அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள். அதற்கு முன் எட்டு வருடம் மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் சூரிய உதய யோகா நடத்தினேன். அங்கே சவாசனம் என்றால் எனக்குப் பெரும்பாடு. மல்லாந்து படுக்கும் விருந்தாளிகள் ஒரு கண்ணைத் திறந்து, ஃபோட்டோ எடுக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அவர்கள் அடங்கவே இருபது நிமிடம் ஆகும். ஆகவே யார்டிலும் பழக்கதோஷத்தில் இருபது நிமிடம் சவாசனத்துக்கு ஒதுக்கினேன்.

இவர்களோ விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்தவர்கள். "கண்ணை மூடுங்க" என்றேன். மூடினார்கள். அவ்வளவுதான். பாதத்தைத் தளர்த்துங்கள், முழங்காலைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்க ஒருவரும் பாக்கியில்லை. குறட்டை மட்டும் வந்தது. மதிய ஷிஃப்ட் வண்டிகள் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பின.

மேனேஜர் சிவலிங்கம் சார் ஷெட்டுக்கே வந்துவிட்டார். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். டிராக்டரில் தொடங்கி இருபத்தெட்டு பஸ்ஸுக்கு வந்தவர்.

"மேடம், ஆளுங்க ஒடம்ப சரி பண்ணச் சொன்னேன். ஆள சாய்க்கச் சொல்லல."

அடுத்த வகுப்பிலிருந்து சவாசனம் மூன்று நிமிடம், உட்கார்ந்தபடி, கண் திறந்து. அப்படி ஓர் ஆசனம் எந்த நூலிலும் கிடையாது. யார்டில் உண்டு.

2. எபியின் பிரஷர்

டிரைவர் உடம்பு எப்படிக் கெடும் என்பது சீக்கிரம் புரிந்தது. கிளட்ச் மிதிக்கும் இடது முழங்கால், கண்ணாடி பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்ட கழுத்து, இடுப்பு. பாயை மடித்து வைத்துவிட்டு டிரைவர் சீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை வகுத்தேன். சிக்னலில் தோளை உருட்டுவது, வண்டி நின்றதும் இறங்கிக் குதிகாலைத் தூக்கி நிற்பது, மூச்சை அடக்காமல் மெதுவாக விடுவது. இரண்டே வாரத்தில் முக்கால்வாசிப் பேர் இடுப்பு தேவலை என்றார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எபினேசரை எல்லாரும் எபி என்பார்கள். நாற்பத்தேழு வயது. அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் லைசென்ஸ் எடுத்தவர் எபி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. மெடிக்கல் செக்கப்பில் அவருக்கு பிரஷர் நூற்று அறுபதுக்கு நூறு என்று வந்தது.

சிவலிங்கம் சார் என் எதிரிலேயே அவரிடம் சொன்னார்.

"எபி, பத்து வாரம் டைம் தரேன். அதுக்குள்ள டாக்டர் ஃபிட்னு எழுதித் தரணும். இல்லன்னா வண்டி கழுவுற எடத்துல போட்டுடுவேன். அம்பது பேர் உசுரு உன் கையில இருக்குது, என்னைத் திட்டாத."

எபி திட்டவில்லை. வெளியே வந்து தன் பஸ்ஸின் முன்சக்கரத்தைச் சும்மா ஒரு உதை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"டீச்சர், எங்க தெருவுல என்னை டிரைவர்னுதான் கூப்டுவாங்க. என் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது. வண்டி கழுவப் போனா என்னை இன்னான்னு கூப்டுவாங்க?"

"நான் பாத்துக்கறேன் எபி" என்று சொல்லிவிட்டேன். இளம் பயிற்றுநர்களே, இப்படி யாரிடமும் சொல்லாதீர்கள்.

3. என் அருமையான ரிப்போர்ட்

மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதல் நாளே கேட்டேன். "போட்டுக்குனுதான கீறேன்" என்றார். விட்டுவிட்டேன். மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். செல்போனில் பார்த்துவிட்டு வேகமாக மூச்சை உதறித் தள்ளும் பயிற்சி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பிரஷர்காரருக்கு அது ஆகாது என்று நிறுத்தினேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்.

"கருவாடு இல்லன்னா அது இன்னா டீச்சர் ஞாயித்துக்கெழம?"

ஆனால் நிறுத்தினார். அவர் மனைவி எனக்கு ஃபோன் போட்டு, "இன்னா மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார்.

வகுப்பு நடக்கும் இரண்டு நாளும் பிரஷர் மிஷின் வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். வியாழக்கிழமை பழையபடி நூற்று அறுபதைத் தாண்டும். அடுத்த திங்கள் இறங்கும், வியாழன் ஏறும். ஆறு வாரம் ஒரே கதை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ரிப்போர்ட் எழுதினேன். சனி ஞாயிறு வண்டி ஓடாது, ஆகவே வார இறுதி ஓய்வும், சர்ச்சும், குடும்பமும், நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியும் சேர்ந்து மன அமைதியைத் தருகின்றன, அதனால் திங்கட்கிழமை பிரஷர் குறைகிறது என்று இரண்டு பக்கம். சிவலிங்கம் சாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதை ஐ.டி. கம்பெனிக்காரர்களிடம் காட்டப்போவதாகச் சொன்னார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

4. கேளம்பாக்கம் வரை ஒரு டிரிப்

வியாழக்கிழமை ஏன் ஏறுகிறது என்று பார்க்க, ஏழாவது வாரம் ஒரு வியாழன் காலை எபியின் பஸ்ஸிலேயே ஏறினேன். கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம். எபி அருமையாக ஓட்டினார். குறுக்கே புகுந்த ஷேர் ஆட்டோக்காரனைக்கூட, "போ நைனா, நீ மொதல்ல போ" என்று விட்டுவிட்டார். கோபமில்லை, பதற்றமில்லை. என் ரிப்போர்ட்டில் அதற்கும் ஒரு வரி சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

ஆட்களை ஆஃபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ரோட்டோரம் ஓரங்கட்டினார். அடுத்த ஆட்களை ஏற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சீட் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில். தண்ணீர் மூடிவரைக்கும் நிரம்பியிருந்தது.

"காலையிலேர்ந்து ஒரு வாய் கூடக் குடிக்கலையா?"

"குடிச்சா எங்க போறது டீச்சர்?"

கையை நீட்டிச் சுற்றிக் காட்டினார். "முன்ன இங்க பூரா காலி மனை. முள்ளுச்செடி மறைவுல போய்டுவோம். இப்ப பாருங்க, ஃபிளாட்டு, காம்பவுண்டு, கேமரா. போன வருசம் நம்ம வண்டிக்காரன் ஒருத்தன் சுவரோரம் நின்னுட்டான். வீடியோ எடுத்து குரூப்புல போட்டாங்க. பேஜாரா பூட்சி. ஆஃபீஸ் உள்ள டிரைவர வுடமாட்டாங்க. காலையில வூட்ல போனா, அப்பறம் யார்டுக்கு வந்துதான்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். விடியற்காலை நாலிலிருந்து பத்தரை வரை, ஆறரை மணி நேரம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "எபி, டாக்டர் என்ன மாத்திரை குடுத்தார்?"

சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். தண்ணி மாத்திரை. உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றி பிரஷரைக் குறைப்பது. போட்ட சில மணி நேரம் மூன்று நான்கு தடவை போகவேண்டி வரும். பட்டையில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

"தினமும் ஒண்ணு போடணுமே?"

"அத்த போட்டுக்குனு ரோட்டுல எப்டி டீச்சர் ஓட்றது? லீவு நாள்ல கரெக்டா போட்டுடுவேன். சனி, ஞாயிறு."

சனி, ஞாயிறு. திங்கட்கிழமை குறைந்த பிரஷருக்கு நான் எழுதிய இரண்டு பக்கமும் கண் முன்னால் வந்து நின்றன.

"ஆறு வாரமா என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ஒரு பொம்பள. ஒண்ணுக்குப் போறதப் பத்தி உங்களாண்ட எப்டிப் பேசறது? அதுவுமில்லாம திங்கக்கெழம மிஷினப் பாத்து எம்மாஞ் சந்தோசப்படுவீங்க."

"அப்ப என் மூச்சுப் பயிற்சி?"

எபி நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நல்லாத்தான் கீது டீச்சர். தூக்கம் வருது."

5. யாரும் கேட்கவில்லை

அன்று மதியமே சிவலிங்கம் சாரிடம் போய் என் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன். காரணத்தைச் சொன்னேன். மனிதர் இரண்டு பக்கத்தையும் எடுத்துப் புரட்டினார்.

"அப்ப இதுல எழுதினது பூரா பொய்யா மேடம்?"

"கருவாடு நிஜம் சார்."

கோபத்தோடுதான் ஃபோனை எடுத்தார். ஆனால் எடுத்தார். கேளம்பாக்கம் ஆஃபீஸின் செக்யூரிட்டி சூப்பர்வைசரைப் பிடித்து, கேட் பக்கத்துக் கழிப்பறையை டிரைவர்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். அரை நிமிடத்தில் அவர் ஃபோனை வைத்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தாராளமா வரட்டுங்கறான் மேடம். இத்தன வருசமா யாரும் கேக்கலையேன்னு கேக்கறான்."

மறுநாள் எபியைச் செங்கல்பட்டில் அவர் பார்க்கும் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அங்கே எபி உண்மையைச் சொன்னார், அதாவது நான் முழங்கையால் இடித்ததும் சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பேனே! அடக்கிக்கிட்டு வந்து கைய நீட்டினாலும் பிரஷர் ஏறித்தான்யா காட்டும்." மாத்திரையை மாற்றி எழுதினார். தினமும், ஒரு நாள் விடாமல் என்று மூன்று தடவை சொன்னார். நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் தொடரட்டும் என்றார். கருவாட்டைப் பற்றி எபி கேட்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பத்தாவது வாரம் செக்கப்பில் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தாறு. ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை எபி இரண்டு முறை மடித்து, லைசென்ஸோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மதிய டிரிப்புக்கு நேரமாகியிருந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், என் தோள்பையைப் பார்த்தார். பக்கவாட்டில் என் எவர்சில்வர் பாட்டில்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பத்து வாரமாப் பாக்கறேன். ஃபுல்லா எடுத்துக்கினு வரீங்க, ஃபுல்லா எடுத்துக்கினு போறீங்க."

ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். யார்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. செங்கல்பட்டில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் தண்ணீரை நிறுத்திவிடுவேன், திரும்பிப் போய்த்தான் குடிப்பேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஜுரத்தில் படுத்திருக்கிறேன். வெயில் என்று பேர் வைத்தேன். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பாயைச் சுருட்டுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அப்படியே திரும்பிப் போய் சிவலிங்கம் சாரின் அறைக் கதவைத் தட்டினேன். அந்த அறையை ஒட்டி ஒரு கழிப்பறை உண்டு, பூட்டியே இருக்கும்.

"சார், அந்தச் சாவி வேணும்."

மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் பாயை விரிக்குமுன் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். அவர்களுக்காக மட்டும் கேட்காதீர்கள். அன்று யார்டில் நின்றபடியே பாட்டிலைத் திறந்து பாதி குடித்தேன். தண்ணீர் வெயிலில் சுட்டுப்போயிருந்தது.